தேயிலைத் தோட்டப் பாதையில் காட்டெருமை குறுக்கே நின்றால்? (குடும்பத்தோடு நடை, குன்னூர்–கோத்தகிரி)

கோவை40:

வணக்கம். குன்னூர்–கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டமும் சோலைக்காடும் ஒட்டிய பாதையில் போக வர 6 கிலோமீட்டர் நடக்கலாம் என்று திட்டம். நானும் மனைவியும், 7 வயதிலும் 11 வயதிலும் பிள்ளைகள், 63 வயது மாமியார். நாயையும் கூட்டிப் போகலாம் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு யோசனை. கைதட்டு என்கிறார் ஒருவர். அசையாமல் நில் என்கிறார் இன்னொருவர். சரிவில் இறங்கி ஓடு என்று ஒரு பதில். மரத்தில் ஏறிக்கொள் என்று சொன்னவர், மாமியாரை எப்படி ஏற்றுவது என்று மட்டும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். வளைவு திரும்பியதும் 15, 20 மீட்டரில் ஒற்றைக் காட்டெருமை நிற்கிறது, பிள்ளைகள் கூட இருக்கிறார்கள். முதல் பத்து நொடியில் என்ன செய்வது? கரடியோ யானையோ என்றால் அதே பதில்தானா? அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா?

தேயிலைக்காரன்:

பேரிலிருந்தே தொடங்குகிறேன். ஊரில் எல்லோரும் காட்டெருமை என்கிறோம், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆனால் அது எருமை இல்லை, காட்டு மாடு. வீட்டு மாட்டோடு பழகியவர்களுக்கு இதன் குணம் பாதி தெரிந்தது மாதிரிதான். கன்று பக்கத்தில் இருந்தால் பொறுமை கிடையாது, முட்ட வருமுன் தலை தாழும், விலகிப் போக இடம் இருந்தால் பெரும்பாலும் விலகிவிடும். வித்தியாசம் எடையில். வளர்ந்த காளை 700 கிலோவுக்கு மேல் இருக்கும், சில 1,000 கிலோவைத் தொடும்.

உங்கள் பத்து நொடிக்கு வருகிறேன். முன்னால் போகிறவர் நிற்க வேண்டும், பின்னால் வருபவர்களுக்குக் கையைப் பின்பக்கம் விரித்துக் காட்ட வேண்டும். யாரும் கத்தக் கூடாது. அந்தத் தூரத்தில் கைதட்டவும் கூடாது. கைதட்டல் வளைவுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, திரும்பிய பிறகு அது சண்டைக்குக் கூப்பிடுவது மாதிரி. நின்றதும் பார்க்க வேண்டியது மாட்டின் கண்ணை அல்ல, அது எந்தப் பக்கமாக விலகிப் போக முடியும் என்பதை. தோட்டப் பாதைகளில் ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு வெட்டிய மண் மேடு, மறுபக்கம் செடி நெருக்கமான சரிவு. அதற்கு வசதியான வழி பாதை ஒன்றுதான், அதை அடைத்துக்கொண்டு நிற்பது நீங்கள். இப்படிப்பட்ட இடத்தில் மாடு ஆளைத் தேடி வருவதில்லை, வழியைத் தேடி வருகிறது. நடுவில் நிற்பவர் அடிபடுகிறார்.

ஆகவே முகம் அதன் பக்கம் இருக்க, வந்த வழியே மெல்லப் பின்வாங்குங்கள். கடைசியில் வந்தவர் திரும்பி முன்நடத்தட்டும், சின்னப் பிள்ளையின் கை அவர் பிடியில். வளைவைத் தாண்டி அது கண்ணில் படாத பிறகும் இன்னும் 50 மீட்டர் போய் நில்லுங்கள். 15, 20 நிமிடம் காத்திருங்கள். போய்விட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் பழக்கம்தான் பாதித் தொல்லை. ஒவ்வொரு முறையும் அதே கிட்டத்து சந்திப்பு புதிதாக நடக்கிறது.

அது என்ன நினைக்கிறது என்று உடம்பிலேயே தெரியும். தலை தூக்கி, காது முன்னால் நீட்டி வெறித்தால் உங்களை யார் என்று பார்க்கிறது. குக்கர் விசிலுக்கு முன் சீறுமே, அதுபோல மூக்கால் ஒரு சீறல் வந்தால் எச்சரிக்கை. கூட்டம் பக்கத்தில் இருந்தால் அதைக் கேட்டு மொத்தமாகக் கிளம்பும், அப்போது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. அடுத்ததைத்தான் வெளியூர்க்காரர்கள் தப்பாகப் படிக்கிறார்கள். காளை உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதுகுத் திமில் முழுதும் தெரிய, விறைப்பாக நாலு அடி நடக்கும். "திரும்பிவிட்டது, போட்டோ எடு" என்று போனைத் தூக்குகிறார்கள். அது திரும்பவில்லை. தன் அளவைக் காட்டி, ஒதுங்கு என்கிறது. அதன் பிறகும் ஒதுங்காவிட்டால் தலை தாழும், முன்கால் மண்ணைக் கீறும்.

பாய்ந்துவிட்டால் ஓட்டத்தில் முந்த முடியாது. பாறை, தடித்த மரம், பாலத்துச் சுவர், எதன் பின்னாலாவது போக வேண்டும். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை நம்ப வேண்டாம். இளம் மரம் ஒல்லி, அடிமரத்தில் கால் வைக்கக் கிளை இருக்காது. எதுவும் இல்லையென்றால் மேட்டுப் பக்கம் ஏறி ஒட்டிக்கொள்ளுங்கள், பாதையை அதற்கு விடுங்கள். தேயிலைக்குள் பாயாதீர்கள். கொழுந்து எடுக்க மட்டமாக வைத்த செடி இடுப்பளவு இருக்கும், அதன் கிளை கட்டை மாதிரி, அதற்குள் ஒரு ஆளால் ஓட முடியாது. வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் போக வெட்டிய கானும் இருக்கும், மேலே பெரணி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதில் இறங்கிய கால் முறியும்.

இன்னொன்று. பகல் 10 மணிக்கு மேல் மாடு செடிகளுக்கு நடுவே படுத்து அசைபோடும். படுத்த மாடும் செடியும் ஏறக்குறைய ஒரே உயரம், மேலே காது மட்டும் ஆடும். "தோட்டம் காலியாக இருக்கிறது" என்று தூரத்திலிருந்து முடிவு செய்யாதீர்கள். கவாத்து செய்த பகுதியில் செடி குட்டையாக இருப்பதால் தூரம் வரை தெரியும். ஆனால் வெளிச்சம் பட்டு அங்கே புல் தளதளவென்று முளைக்கும், மாடும் அங்கேதான் மேயும்.

சமவெளிக்காரன்:

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? குன்னூரில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காட்டெருமை வருகிறது, ஜனங்கள் பக்கத்திலேயே நடந்து போகிறார்கள். ஒரு சத்தம் போட்டால் தானாகப் போய்விடும்.

தேயிலைக்காரன்:

ஊருக்குள் வரும் மாடு ஆளைப் பார்த்துப் பழகியது. பழகியது என்றால் ஓடாது என்று அர்த்தம், முட்டாது என்று அர்த்தமல்ல. காட்டு ஓரத்து மாடு 80 மீட்டரிலேயே விலகும், ஊர் மாடு பத்து மீட்டர் வரை நம்மை விட்டுப் பிடித்துவிட்டு அப்புறம் பொறுமை இழக்கும். எனக்கென்னவோ இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

தூரத்தைக் கண்ணளவில் சொல்வது கஷ்டம், பிள்ளைகளுக்கே கற்றுக்கொடுக்கக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நிமிர்த்திப் பிடியுங்கள். பக்கவாட்டில் நிற்கும் பெரிய காளையை விரலின் அகலம் மூடிவிட்டால் நீங்கள் கிட்டத்தட்ட 80 மீட்டரில் இருக்கிறீர்கள், அது போதும். விரலின் இரண்டு பக்கமும் மாடு பிதுங்கினால் பின்னால் போங்கள். உங்களை நேராகப் பார்த்து நின்றால் உடம்பு ஒடுங்கித் தெரியும், அப்போது இந்தக் கணக்கு ஏமாற்றும். பிள்ளையின் கையும் குட்டை, விரலும் சிறிது, அதனால் அவர்களுக்கும் ஏறக்குறைய இதே விகிதம்தான் வரும்.

காட்டுவழி:

கரடிக்கு வேறு பதில், யானைக்கு வேறு பதில். வாட்ஸ்அப்பில் வந்த யோசனைகள் முரண்படுவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலங்குக்குச் சொன்னது.

கரடிக்குக் கண் மங்கல். கரையான் புற்றைத் தோண்டும்போது காதும் வேறெதையும் கேட்காது. மூக்கை உள்ளே விட்டு ஊதி உறிஞ்சுவதில் அதன் கவனம் முழுதும் இருக்கும். அந்த உறிஞ்சல் சத்தம் நமக்கு நன்றாகக் கேட்கும், கேட்டால் அங்கிருந்தே திரும்பிவிடலாம். ஆபத்து எப்போதென்றால், அது நம்மை அறியாமல் இருக்கும்போது நாம் அருகே போய் நிற்பது. திடுக்கிட்டால் ஓடுவதைவிட அடிப்பது அதன் சுபாவம். தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமந்து திரியும், அப்போது இன்னும் மோசம். இதற்கு ஒரே மருந்து முன்கூட்டியே சத்தம். பேசிக்கொண்டே நடப்பது, குச்சியால் கல்லில் தட்டுவது, வளைவுக்கு முன் நின்று இரண்டு முறை கைதட்டிப் பத்து எண்ணுவது. கைதட்டு என்ற யோசனை இங்கேதான் சரி.

மரம் ஏறு என்பது கரடியிடம் பயன்படாது, அது தேன் எடுக்க மரம் ஏறும் பிராணி. தூரத்தில் பார்த்தால் மெல்லப் பின்வாங்குங்கள். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோர்த்துப் பிடரியை மூடி, முழங்கையை நிலத்தில் ஊன்றி முகத்தை மண்ணோடு வைத்துக்கொள்ளுங்கள். அது குறிவைப்பது தலையையும் முகத்தையும். முதுகுப் பையைக் கழற்றாதீர்கள், அந்த நேரத்தில் அதுதான் கவசம். பிள்ளை பக்கத்தில் இருந்தால் கீழே போட்டு மேலே நீங்கள் கவிழ்ந்துகொள்ளுங்கள்.

புற்றில் புதிதாக வாளி அளவு குழி, எச்சத்தில் நாவல் கொட்டை, உண்ணிச்செடி பழக் காலம், இதெல்லாம் அடையாளம். கோத்தகிரிப் பக்கம் கோயில் விளக்கு எண்ணெயை நக்கக் கரடி வருவது ஊரறிந்த விஷயம். பாதையோரம் சின்னக் கோயில் இருந்தால் அதிகாலையிலும் இருட்டும் நேரத்திலும் அங்கே உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரிக்க வேண்டாம்.

யானை என்றால் யோசனையே வேண்டாம், அன்றைய நடை முடிந்தது. பார்த்ததும் திரும்புங்கள், 100 மீட்டருக்குக் குறைந்த தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். காய்ந்த புல்லைக் கிள்ளிப் போட்டுக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். உங்கள் வாசம் அதன் பக்கம் போகாதபடி விலகுங்கள். காதை விரித்து, தும்பிக்கையைத் தூக்கி, சத்தத்தோடு நாலடி வந்து நின்றால் பெரும்பாலும் மிரட்டல். காது உடம்போடு ஒட்டி, தும்பிக்கை உள்ளே சுருண்டு, சத்தமில்லாமல் வந்தால் நிஜம். அப்போது மட்டும் ஓட வேண்டும். பையையோ துண்டையோ பாதையில் எறிந்துவிட்டு ஓடினால் அது நின்று அதைக் கிளற வாய்ப்புண்டு. சரிவில் யானை இறங்காது என்பது பொய். பின்காலை மடக்கிச் சறுக்கிக்கொண்டே இறங்கும்.

நீங்கள் போகும் உயரத்தில் யானை குறைவு. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வழியில் கல்லார், பர்லியார் பகுதியில் பலாப்பழக் காலத்தில் மேலே ஏறும். ஆசைக்காகக் காரை நிறுத்தி அங்கே பலாச்சுளை தின்ன வேண்டுமென்றால் கடை ஓரத்திலேயே தின்றுவிட்டுக் கிளம்புங்கள்.

அனுமதி: 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைப்பது குற்றம். தோட்டப் பாதை என்றால் தோட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும். கேட்டால் கூடுதலாக ஒரு லாபம், எந்தப் பகுதியில் மாடு நிற்கிறது என்று காலையில் கொழுந்து எடுக்கப் போனவர்கள் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளோடு முதல் முறை என்றால் என் யோசனை, 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு வழிகளில் ஒன்றை எடுங்கள். இணையத்திலேயே பதிவு, உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். நீலகிரியில் கெய்ர்ன் ஹில், லாங்வுட் சோலை இரண்டும் குடும்பத்துக்குத் தோதானவை. காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள், தேதி பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்துப்பெட்டி:

எல்லோரும் நாலு கால் பிராணியைப் பற்றியே பேசுகிறீர்கள். பாறை முகடும் உயரமான மரமும் உள்ள பாதையில் குடும்பத்தைச் சிதறடிப்பது மலைத்தேனீ. இதுவரை சொன்ன எதுவும் இங்கே பொருந்தாது. நிற்காதீர்கள், படுக்காதீர்கள், ஓடுங்கள்.

பாறை இடுக்கில் கறுப்புப் பலகை தொங்குவது மாதிரி தெரிந்தால் அதுதான் கூடு. கிட்டே போய்ப் பார்த்தால் அந்தப் பலகையின் மேல் அலை ஓடும், ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றாக வயிற்றைத் தூக்கி இறக்குவது. அந்த அலை விடாமல் ஓடினால் கலைந்திருக்கிறது என்று பொருள். புகை, கல்லெறி, பருந்து கொத்துவது, எதனாலும் கலையும். கலைத்தவர் நீங்களாக இருக்க வேண்டியதில்லை. துண்டாலோ சட்டையாலோ தலையையும் முகத்தையும் மூடி, பிள்ளையைச் சுமந்துகொண்டு, சில நூறு மீட்டர் நிற்காமல் போக வேண்டும். கார் அல்லது கட்டடம் கிடைத்தால் உள்ளே. அடர்ந்த புதர் அடுத்தபடி. தண்ணீரில் குதிப்பது வீண், தலை வெளியே வரும்வரை மேலேயே சுற்றும். கையை வீசி அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயின் வாசமே மற்றவற்றை அழைக்கும்.

கொடுக்கை நகத்தாலோ அட்டையாலோ உடனே வழித்து எடுங்கள், எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். உதடு வீங்குவது, மூச்சில் இழுப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் 108. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பத்துக் கொட்டு என்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனை.

கரடி கீறினாலோ குரங்கு கடித்தாலோ சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவுங்கள், மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே வெறிநாய்க்கடி ஊசி, பிறகு 3, 7, 28-ம் நாள். ரத்தம் வந்திருந்தால் காயத்துக்குள்ளேயே போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அது சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்குமா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்பினால் அலைச்சல் மிச்சம்.

பாம்பு: மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன் சருகு நிறத்திலேயே கிடக்கும். நம் ஊர் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் தயாரித்தது, குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அதனால் மருத்துவமனை வேண்டாம் என்று அர்த்தமில்லை. ரத்தம் உறைதலும் சிறுநீரகமும் கண்காணிக்க அங்கேதான் போக வேண்டும். கடித்த காலை அசைக்காமல் குச்சி வைத்துக் கட்டி, தூக்கிக்கொண்டு போங்கள். கயிற்றால் இறுக்கக் கூடாது, கீறக் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றிவிடுங்கள், வீங்கினால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அட்டை சின்ன விஷயம். நீள சாக்ஸுக்குள் பேண்டைச் செருகி, மேலே மூக்குப்பொடியோ உப்போ தடவுங்கள். ஒட்டியதை நெருப்பால் சுடாமல் நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பினால் விட்டுவிடும்.

கோவை40:

எல்லோருக்கும் நன்றி. லாங்வுட் சோலை என்று முடிவாகிவிட்டது, 8 மணிக்குத் தொடங்கலாமா? நாயை விட்டுவிட்டால் பிள்ளைகள் அழுவார்கள், கயிறு போட்டுக் கூட்டிப் போனால்? பிள்ளைகளுக்கு இவ்வளவையும் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

தேயிலைக்காரன்:

நாயை விட்டுவிடுங்கள். அது குரைத்துக்கொண்டே மாட்டிடம் போகும், மாடு துரத்தும், நாய் வாலை மடக்கிக்கொண்டு எஜமானரிடம் ஓடி வரும், பின்னாலேயே மாடும் வரும். கயிறு போட்டால் இன்னும் சுலபம், மாட்டுக்கு விலாசம் தேட வேண்டாம். சிறுத்தைக்கும் நாய் என்றால் ஆசை. சோலைக்குள் எப்படியும் அனுமதி கிடைக்காது.

8 மணி சரி, பனி விலகியிருக்கும். 30 மீட்டர் தெரியாத அளவு மூடுபனி இறங்கினால் வழிகாட்டி சொல்லாமலே உட்கார்ந்துவிடுங்கள். 4 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

பிள்ளைகளுக்கு விலங்கு வாரியாகப் பாடம் எடுக்காதீர்கள், ஒன்றும் நிற்காது. இரண்டு சொல் போதும். "சிலை" என்றால் எந்த நிலையில் இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும், வாயும் மூடியிருக்க வேண்டும். "வால்" என்றால் கடைசி ஆளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே நடக்க வேண்டும், ஓடக் கூடாது. வீட்டு மொட்டைமாடியில் ஐந்து நாள் விளையாட்டாகப் பழக்குங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சண்டை போடும்போது எல்லாம் திடீரென்று சொல்லிப் பாருங்கள். மூன்றாம் நாள் அவர்கள் உங்களுக்கே சொல்ல ஆரம்பிப்பார்கள்.

வரிசை: நீங்கள் நாலைந்து அடி முன்னால், பிறகு பெரிய பிள்ளை, மாமியார், சின்னப் பிள்ளை, கடைசியில் மனைவி. வழிகாட்டி முன்னால் போனால் நீங்கள் நடுவில் வாருங்கள். மாமியாருக்கு அவர் தோள் உயரத்துக்கு ஒரு மூங்கில் தடி கொடுங்கள். ஊன்றவும் ஆச்சு, வளைவுக்கு முன் கல்லில் தட்டுவது அவர் பொறுப்பு. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில், மாவட்டத்துக்குள் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அபராதம். தின்பண்டத்தை டப்பாவில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள். கையில் சிப்ஸ் பொட்டலம் தெரிந்தால் முதலில் வருவது காட்டெருமை இல்லை, குரங்கு.

காட்டுவழி:

ஒரு சின்னத் திருத்தம். மாமியாரின் தடிக்கு அடியில் ரப்பர் குமிழ் இருந்தால் கழற்றிவிடுங்கள், கல்லில் தட்டினால் சத்தமே வராது.